சேணத்துக்குக் கீழே எதை விரிப்பது?

குதிரைச் சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பை, அதாவது சேடில் பேடை, புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், இப்போது பயன்படுத்தும் விரிப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் முதுகில் சேணத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். எந்த வடிவ விரிப்பு வேண்டும், எவ்வளவு தடிமன் வேண்டும், விரிப்பை மாற்றினால் பலன் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேதான் கிடைக்கும். நிறத்தையும் தையலையும் பார்த்து வாங்கிய விரிப்பு முதுகில் உட்காராமல் போவது பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுவதால்தான்.

குதிரையைச் சமதளத்தில், நான்கு கால்களும் சீராக ஊன்றியிருக்கும்படி நிறுத்துங்கள். தலை நேராக இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிப் புல் மேய்ந்துகொண்டிருந்தால் முதுகின் வடிவமே மாறிவிடும். சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னோக்கித் தள்ளினால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஓரிடத்தில் அது தானாக அமரும். இனி கையை விட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேடாக எழுகிறதே, அந்தத் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே மேலேயும் பக்கங்களிலும் இரண்டு மூன்று விரல் இடைவெளி தேவை. முதுகெலும்புக்கு மேலே ஓடும் நடுக்கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று விரலாவது அகலமாக இருக்க வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் முன்பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடிமெத்தைக்குக் கீழே உள்ளங்கையை முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் கை தாராளமாக நுழைந்து இரு முனைகளிலும் இறுகினால் சேணம் பாலம்போல் நிற்கிறது என்று பொருள். கடைசியாக, பாரம் தாங்கும் பகுதி 18-ஆவது விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதுதான் கடைசி விலா. விலாப்பக்கத்தில் அதை விரலால் தொட்டு, அதன் வளைவைத் தொடர்ந்து முதுகுவரை மேலே வந்தால் எல்லை எது என்று தெரிந்துவிடும்.

பிறகு வயிற்றுவாரைக் கட்டி, ஒருவரை ஏற்றி, தோள்மேட்டு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். ஆள் ஏறியதும் சேணம் இறங்கும். இறங்கிய பிறகும் இரண்டு விரல் நுழைந்தால் நல்லது.

இதில் சேணம் தேறிவிட்டால் வேலை எளிது. மெல்லிய, வடிவம் சரியான, வியர்வையை வாங்கும் ஒரு விரிப்பு போதும். அடிமெத்தை உள்ள ஆங்கில வகைச் சேணத்துக்கு விரிப்பு செய்ய வேண்டியவை இவைதான்: வியர்வையை உறிஞ்சுவது, தோலுக்கும் சேணத்துக்கும் நடுவே உராய்வைக் குறைப்பது, சேணத்தின் தோலை உப்பிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காப்பது. சிறிய பொருத்தக் குறைகளைத் தற்காலிகமாகச் சமாளிக்கவும் உதவும். அதற்குமேல் எதிர்பார்க்கும் இடத்தில்தான் குதிரைக்கு வலி தொடங்குகிறது.

மிகப் பரவலான தவறு இது: சேணம் இறுக்கமாக இருக்கிறது, குதிரை முதுகைச் சுருக்குகிறது, உடனே 'மெத்தென்று இருக்கட்டும்' என்று தடித்த விரிப்பு போடப்படுகிறது. 1 செ.மீ. தடிமனுள்ள விரிப்பு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என 2 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். சேணத்தின் உள்ளே எலும்புக்கூடுபோல் இருக்கும் சட்டம் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் இன்னும் குறுகிவிடும். சட்டத்தின் முனைகள் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ள தசையைக் கிள்ளும். சேணத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஏறி அமர்ந்தவரின் எடை பின்னால் சரிந்து, அடிமெத்தையின் பின்பகுதி முதுகில் குத்தி நிற்கும். ஓர் இடத்து வலியைத் தணிக்கப் போட்டது இரண்டு இடத்து வலியாகிவிடுகிறது. ட்ராட் என்னும் துள்ளோட்டத்தில் முதுகின் மேல் வரும் உச்ச விசை சவாரியாளரின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தொடும், தாண்டவும் செய்யும். அதற்கடுத்த வேகமான கேன்டரில் அதைவிட அதிகம். நிற்கும்போது லேசாகத் தெரியும் இறுக்கம் ஓட்டத்தில் அப்படி இருப்பதில்லை. இறுக்கமான சேணத்துக்கு ஒரே தீர்வு அகலமான சட்டம்தான். எந்த விரிப்பாலும் அதைச் செய்ய முடியாது.

சேணம் சற்று அகலமாக இருந்தால் நிலைமை வேறு. தசை குறைந்த குதிரை, நோயிலிருந்து தேறும் குதிரை, பயிற்சியில் முதுகு இன்னும் நிரம்பாத இளங்குதிரை இவற்றுக்கெல்லாம் வேண்டுமென்றே சிறிது அகலமான சேணத்தை வைத்துக்கொண்டு, வெற்றிடத்தை ஷிம் என்னும், ஃபோம் போன்ற மெத்தென்ற பொருளால் ஆன மெல்லிய தகடுகளால் நிரப்பலாம். ஷிம் வைக்கும் பைகள் உள்ள ஹாஃப் பேட் என்னும் சிறிய விரிப்பு இதற்காகவே இருக்கிறது. முன்பக்கம் சேணம் குனிந்தால் முன்பைகளில் ஷிம். பாலம்போல் நின்றால் நடுப்பைகளில். ஒரு பக்கத் தோள் பெரிதாக இருந்து சேணம் மறுபக்கம் சரிகிறது என்றால் தசை குறைந்த பக்கத்து முன்பையில் மட்டும். எப்போதும் மிக மெல்லிய ஷிம்மில் தொடங்குங்கள். 3 மி.மீ. தகடு ஒன்று போதுமா என்று பார்த்த பிறகே அடுத்தது. குழியை முழுதாக நிரப்பிவிடாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். இடம் இருந்தால்தான் தசை வளரும். ஷிம்மின் விளிம்பு கத்தியால் சீவியதுபோல் மெலிந்து முடிய வேண்டும். சதுரமாக வெட்டிய விளிம்பு ஒரு மணி நேரத்தில் தோலில் கோடு போட்டுவிடும். முன்பக்கம் 10 மி.மீ.க்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அந்தச் சேணம் அந்தக் குதிரைக்கு உரியது இல்லை.

மேற்கத்திய சேணத்துக்கு, அதாவது அமெரிக்க கவ்பாய் வகைச் சேணத்துக்கு, இந்தக் கணக்கு மாறும். அதில் பஞ்சு அடைத்த அடிமெத்தை கிடையாது. இருபுறமும் நீண்ட பலகைபோன்ற சட்டம், அதன் கீழே மெல்லிய ஆட்டுக்கம்பளி உறை, அவ்வளவுதான். அங்கே விரிப்பும் சேணத்தின் ஓர் உறுப்பு. கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட்டில் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை தடிமன் வழக்கம். முதுகு அகன்று உருண்ட குதிரைக்கு அரை அங்குலம்கூடப் போதும். வெறும் முதுகில் வைத்துப் பார்த்த பிறகு, நீங்கள் போடப்போகும் தடிமனோடும் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் அந்தச் சேணத்தின் பொருத்தத்தை முடிவு செய்யாதீர்கள்.

இனி வடிவம். தடிமனைவிட, துணியைவிட, இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். தோள்மேடு என்பது மார்பு முதுகெலும்புகளின் நீண்ட முட்கள் மேல்நோக்கி நிற்கும் இடம். அதன் உச்சியில் தசை கிட்டத்தட்ட இல்லை. தோலுக்குக் கீழே தசைநாரும் எலும்பும்தான். மேல்விளிம்பு நேர்கோடாகத் தைக்கப்பட்ட விரிப்பை அங்கே போட்டால், வாரை இறுக்கியதும் இரு பக்கமும் கீழே இழுபடும். மேல்கோடு தோள்மேட்டின் மீது விறைத்த கயிறுபோல் நிற்கும். சேணத்துக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தும் முடி தேய்ந்து புண்ணாகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் விரிப்புதான். சேணத்தை மாற்றிப் பார்த்து ஏமாறுவார்கள்.

இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். விரிப்பை நடுத்தையலோடு இரண்டாக மடித்து, மடித்த விளிம்பை மேலே வைத்துப் பிடியுங்கள். அந்த விளிம்பு குதிரையின் முதுகுக்கோட்டைப்போல முன்னால் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பின்னால் சற்றே ஏற வேண்டும். இடது, வலது என இரண்டு துண்டுகளாக வெட்டி அந்த வளைவோடு இணைத்துத் தைத்தவை இப்படி இருக்கும். ஒரே துண்டுத் துணியை மடித்துத் தைத்தவை ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கும்; தோள்மேடு தாழ்ந்து முதுகும் தட்டையாக இருக்கும் குதிரைக்கு மட்டும் அவை பரவாயில்லை. தோள்மேடு மிக உயர்ந்த குதிரைக்கு முன்பக்கம் வெட்டிவிட்ட வடிவம் நிம்மதி தரும். நடுத்தையல் உப்பலாக, முடிச்சாக இருக்கக் கூடாது. விரலை அதன் மீது ஓட்டும்போது தடுக்கினால் தோலுக்கும் தடுக்கும்.

அளவைப் பொறுத்தவரை விரிப்பு சேணத்தைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் சேணத்துக்கு வெளியே சுமார் 2 அங்குலம் தெரிவது நல்ல அளவு. இதற்குக் காரணம் விளிம்புத் தையல். விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடம் மற்ற பகுதியைவிடத் தடித்தது. விரிப்பு குட்டையாக இருந்தால் அந்தத் தடித்த கோடு அடிமெத்தையின் பின்முனைக்குக் கீழே சிக்கி, ஒவ்வோர் அடிக்கும் முதுகில் பதியும். டிரஸாஜ் என்னும் நுட்ப நடைச் சவாரிக்கான சேணத்தில், கால் படும் பக்க மடல் நேராகக் கீழிறங்கும்; தடை தாண்டல் சேணத்தின் மடல் முன்னால் சாயும். விரிப்பின் வெட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சேணத்தின் வடிவத்திலேயே வெட்டிய விரிப்புகளை வாங்கும்போது சேணத்தை அளந்து எடுத்துப் போவது கட்டாயம். அவ்வகை விரிப்புக்கு ஆங்கிலத்தில் 'நம்னா' என்று பெயர். உருதுவின் 'நம்தா', பாரசீகத்தின் 'நமத்' என்பதிலிருந்து போன சொல் அது. அதன் பொருள் ஃபெல்ட். அழுத்திய கம்பளியைச் சேணத்துக்கடியில் போடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மேற்கத்திய விரிப்புகள் 30-க்கு 30, 32-க்கு 32 அங்குலம் என்ற அளவுகளில் வரும். முதுகு குட்டையான குதிரைக்குப் பெரிய சதுரம் இடுப்பில் இடிக்கும். மூலை உருட்டிய வடிவத்தைப் பாருங்கள்.

துணி விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. கம்பளியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை இழையின் உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நசுங்கினால் திரும்ப எழும். நீளவாட்டில் இழுபடும் விசையைத் தன்னுள்ளே வாங்கிக்கொள்வதால் தோலோடு உரசல் குறையும். ஆட்டுத்தோலில் கம்பளி அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடியைப் பிரித்தால் அடித்தோல் எளிதில் தெரியக் கூடாது. நடுக்கோட்டில் கம்பளி இல்லாமல் விட்டிருப்பது நல்லது. காற்று போக வழி. செயற்கைக் கம்பளி முதல் சில வாரம் ஒரிஜினலைப்போலவே இருந்து பிறகு உருண்டைகளாகத் திரண்டுவிடும். உருண்டை திரண்ட இடம் கூழாங்கல்போல் அழுத்தும்.

ஃபெல்ட் வாங்கும்போது முழுக் கம்பளியா, செயற்கை இழை கலந்ததா என்று லேபிளில் பாருங்கள். கலந்தது மலிவு, வியர்வையைக் குறைவாக வாங்கும், விறைப்பாகவே இருக்கும். முழுக் கம்பளி ஃபெல்ட் பத்துப் பதினைந்து சவாரிகளில் அந்தக் குதிரையின் முதுகு வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதை இன்னொரு குதிரைக்குக் கடன் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அன்றாடப் பயிற்சிக்குப் பருத்தி உறையிட்ட மெல்லிய விரிப்பு தாராளமாகப் போதும். துவைப்பதும் எளிது. நீண்ட தூரச் சவாரியில் பருத்தி நனைந்து கனத்து, சுருக்கம் விழும். அங்கே கம்பளியோ வலைப்பின்னல் துணியோ மேல். மெமரி ஃபோம் கையில் பிடித்தால் மயக்கும், ஆனால் உடல் சூட்டில் இன்னும் மென்மையாகி, அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து விலகி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். எங்கே பாதுகாப்பு வேண்டுமோ அங்கேயே அது இருக்காது. ஜெல் விரிப்புகள் கனமானவை, சூட்டைத் தேக்கும், மலிவானவற்றில் ஜெல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நியோப்ரீன் என்னும் ரப்பர் துணி வழுக்காது என்பது உண்மை. காற்றும் போகாது. தோலுக்கு நேராக அதைப் போட்டால் வியர்வை அடியிலேயே தேங்கி வெந்து, தோல் நொய்ந்து, முடியைப் பிடித்து இழுக்கும். உருண்ட முதுகில் சேணம் நழுவும் குதிரைக்கு, கீழே கம்பளியும் மேலே வழுக்காத துணியும் உள்ள விரிப்பு மேலானது.

ஃபோம் எதுவானாலும் ஒரு சோதனை. விரிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அரை நிமிடம் அழுத்துங்கள். ஒரு விரல் மற்றதைத் தெளிவாக உணர்ந்தால், சவாரியில் அந்த ஃபோம் இருந்தும் இல்லாததுதான். எடுத்ததும் குழி உடனே நிரம்புகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று விரிப்புகள் போடுவது நல்லதில்லை. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சுருக்கம் விழும், சேணம் உருளும், இறுக்கமும் கூடும். மெல்லிய பருத்தி விரிப்பும் அதன்மேல் ஒரு ஹாஃப் பேடும் என்பதே எல்லை. அதுவும் சேணம் அதற்கு இடம் தந்தால்தான்.

விரிப்பை மாட்டும் விதத்தில் நல்ல விரிப்பும் கெட்டுப்போகும். முதுகையும் வார் படும் இடத்தையும் நன்றாகத் தேய்த்து, காய்ந்த சேறும் முள்ளும் இல்லாமல் பாருங்கள். விரிப்பைக் கழுத்தின் அடிவரை முன்னால் வைத்து, பின்னோக்கி நகர்த்துங்கள். முடி ஒரே திசையில் படியும். அதிகம் பின்னால் போய்விட்டால் முன்னே இழுக்காமல், தூக்கி எடுத்து மறுபடி வையுங்கள். சேணத்தை ஏற்றியதும் விரிப்பின் நடுக்கோட்டை முன்வளைவுக்குள் மேலே இழுத்துவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் தோள்மேட்டுக்கும் விரிப்புக்கும் நடுவே கூடாரம்போல் இடம் தெரிய வேண்டும். பின்பக்கமும் அப்படியே. வாரைப் பாதி இறுக்கியதும் ஒருமுறை, ஏறுவதற்கு முன் ஒருமுறை இதைச் சரிபாருங்கள்.

விரிப்பின் பக்கங்களில் வார்ப்பட்டையும் வயிற்றுவாரும் நுழையத் தைத்த நாடாக்கள் இருக்கும். அவை உங்கள் சேணத்தின் பட்டைகளுக்கு நேராக வராவிட்டால், வாரை இறுக்கும்போது விரிப்பு கீழேயும் பின்னாலும் இழுபட்டு, மேலே விட்ட கூடாரம் தரைமட்டமாகும். பொருந்தாத நாடாவை வெட்டிவிடுங்கள். விரிப்பு பின்னால் நழுவிக்கொண்டே போனால் நாடா, நேர்கோட்டு வடிவம், வழுக்கும் உள்துணி ஆகியவற்றைப் பார்த்த பிறகு சேணம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரே பக்கமாக நகர்ந்தால் சவாரியாளர் ஒருபக்கமாக அமர்வதையோ குதிரையின் தோள் ஏற்றத்தாழ்வையோ முதலில் சந்தேகிக்க வேண்டும்; பின்காலில் லேசான நொண்டல் இருந்தாலும் சேணம் ஒருபக்கம் போகும்.

சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதை 40 நிமிடம் நன்றாக வியர்க்கும்படி ஓட்டிய பிறகு முதுகு சொல்லும். சேணத்தையும் விரிப்பையும் இழுக்காமல் மேலே தூக்கி எடுங்கள். முதுகெலும்பின் மேல் காய்ந்த நீள்கோடு இருப்பது நல்லது. கால்வாயில் காற்று போயிருக்கிறது. அதன் இருபுறமும் ஈரம் சீராக இருக்க வேண்டும். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால் இரண்டில் ஒன்று: அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பிகள் நசுங்கியிருக்கலாம், அல்லது சேணம் அந்த இடத்தைத் தொடாமலே இருந்திருக்கலாம். விரிப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பிரித்தறியலாம். அதே இடத்தில் விரிப்பு அழுக்கேறி நசுங்கியிருந்தால் அழுத்தம்; சுத்தமாகப் பொங்கி நின்றால் தொடவில்லை. முடி சுழன்றோ எதிர்த்திசையில் நின்றோ இருந்தால் அங்கே விரிப்பு நகர்கிறது.

உடனே தெரியாமல், சேணத்தை எடுத்து அரை மணி கழித்து வீக்கம் எழும்பலாம். நசுங்கியிருந்த இடத்துக்கு இரத்தம் திரும்புவதால் அப்படி. எனவே குளிப்பாட்டிய பிறகும் ஒருமுறை முதுகைத் தடவுங்கள். மறுநாள் விரல்நுனிகளால் முதுகெலும்பின் இருபுறமும் மிதமாக அழுத்தி முன்னிருந்து பின்னாகப் போங்கள். ஓரிடத்தில் குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ தசை துடித்தாலோ அந்த இடம் நோகிறது. வெள்ளை முடி முளைத்திருந்தால் தாமதமாகிவிட்டது: முடிக்கு நிறம் தரும் செல்கள் முன்பே சேதமாகிவிட்டன. பழைய சேணத்தின் தழும்பாகவும் அது இருக்கலாம் என்பதால் குதிரை வாங்கும் நாளிலேயே வெள்ளைத் திட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் புதியதைப் பிரித்தறியலாம்.

ஒரு குதிரைக்கு ஒரு விரிப்பு. படர்தாமரையும் ஈரத்தில் வரும் பாக்டீரியா தோல்நோயும் பகிர்ந்துகொள்ளும் விரிப்பு வழியாக லாயம் முழுக்கப் பரவலாம். பருத்தி விரிப்பு குறைந்தது இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். காய்ந்த வியர்வையின் உப்பு துணியை உப்புத்தாள் போலாக்கிவிடும். சோப்பை அளவாகப் போட்டு இரண்டு முறை அலசுங்கள்; துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைமீது படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். ஆட்டுத்தோலைக் கம்பளிக்கான சோப்பில் 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரம் பாதி போனதும் கம்பிப் பிரஷால் வாருங்கள். வெயிலில் போட்டால் தோல் பலகையாகிவிடும். ஃபெல்ட்டை இயந்திரத்தில் போடாதீர்கள். ரப்பர் சீப்பால் முடியைத் தேய்த்தெடுத்து, குழாய் நீரைப் பீய்ச்சி, தட்டையாக உலர்த்தினால் போதும்.

குதிரையின் முதுகு மூன்று மாதத்தில் மாறிவிடும். பயிற்சி கூடினாலும் ஓய்வில் நின்றாலும் மாறும். ஷிம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஏனென்றால் தசை வளர்ந்ததும் நேற்றுவரை உதவிய ஷிம் இன்று இறுக்கும். விரிப்பையும் அதே நாளில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடிமெத்தை அமரும் இடத்தில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவினால், அல்லது ஃபெல்ட்டின் தடிமன் அங்கே ஓரத்தைவிடக் கால்வாசி குறைந்திருந்தால், அதை எடுத்து வண்டித் தரையில் விரித்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.